பதினான்காம் இடம்

படகுத்துறை ஆபீஸில், படகு நிறுத்தும் இடங்களின் வருட வாடகை வரைபடத்தின் மேல் அப்பாவின் விரல் ஏழாம் இடத்தில் நிற்கிறது. நகத்திடுக்கில் செதில் மின்னுகிறது. கார்த்திகைக் காற்றிலும் படகு மோதாத ஒரே இடம் அது. "அது ரிசார்ட்டுக்காரங்க படகுக்கு" என்கிறார் கிளார்க். "மழைக்காலத்துல அந்தப் படகு வராதே சார். எடம் சும்மாத்தான கெடக்கும்?" என்கிறார் அப்பா. "கெடக்கட்டும். உனக்குப் பதினாலு." பதினான்கு, அலை நேராக வந்து அறையும் முனை. ஒரே மழைக்காலத்தில் படகு பிளந்துவிடும். "படிச்ச பொண்ணுதானே, நைனாவுக்குச் சொல்லும்மா" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். என் பட்டம் இதற்குத்தான் வேண்டியிருக்கிறது அவருக்கு. அவர் நீட்டிய வாடகைப் படிவம் மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. "வுடு ரஞ்சிதா. மணல்லயும் படகை ஏத்தக்கூடாதுன்னுட்டானுங்க. வேற எங்க வெக்கிறது?" அப்பா பேனாவை வாங்குகிறார். போன மாதம் நான் சொல்லிக்கொடுத்த கையெழுத்தை, ஓர் எழுத்தும் பிசகாமல், மெதுவாகப் போடுகிறார்.