கடைசித் தையல்

"கோட்டை வாசல்ல இரும்புக் கூண்டுல தொங்க வேண்டிய பொணம் இது. உன் மகன்ங்கிறதுக்காகக் கடல்ல விட முடியுமா, கோவர்ட்?"

லெப்டினன்ட் வெர்ஹூவன் குரலை உயர்த்தவில்லை. அதுதான் கோவர்ட்டுக்குப் பயமாக இருந்தது.

அந்த டச்சுப் போர்க்கப்பலில் பாய் தைப்பவர் அவர். இறந்தவர்களை அவரவர் படுத்த தூளியிலேயே வைத்துத் தைத்துக் கடலில் இறக்குவதும் அவர் வேலைதான். இன்று தளத்தில் கிடப்பது யோரிஸ், பெற்ற பிள்ளை. கொள்ளைக் கப்பலோடு பிடிபட்டு, அடித்தட்டில் காய்ச்சலில் கிடந்தவன், விடிகாலையில் அடங்கிவிட்டான். வைத்தியர் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார்.

"தப்புப் பண்ணினவன்தான் ஐயா. உசிரோட இருந்து நீங்க தூக்குல போட்டிருந்தா, நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். செத்தவனைப் பறவைங்க கொத்த வேணாம். இத்தனை வருஷத்துல வேற எதுவும் கேட்டதில்லையே நான்."

"விட்டுடுங்க ஐயா," என்றான் ஒரு மாலுமி. "காய்ச்சல் பொணம். வெச்சிருந்தா நமக்கும் தொத்திக்கும்."

வெர்ஹூவன் கரையைப் பார்த்தார். குரசாவ் தீவு பக்கத்தில்தான் தெரிந்தது.

"சரி. ஆனா வழக்கம் வழக்கம்தான். கடைசித் தையல் மூக்குல ஏறணும். செத்த மாதிரி நடிச்சவனுங்களை நான் பார்த்திருக்கேன். என் கண்ணு முன்னால, நீயே குத்தணும்."

கோவர்ட்டின் முகம் வெளுத்தது. "வேற யாராவது..."

"நீதான்."

மூட்டை மூழ்குவதற்காக மகனின் காலடியில் இரண்டு பீரங்கிக் குண்டுகளை வைத்துத் தைக்கத் தொடங்கினார். தையல் மார்பைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, முகத்துக்கு வந்தது.

"சின்ன வயசுல முள்ளு குத்தினாலே தெருவைக் கூட்டுவான் இவன்," என்றார் யாரிடமோ. பிறகு மகனின் காதருகே குனிந்தார். "பொறுத்துக்கோடா கண்ணு. இதான் கடைசி."

ஊசி மூக்கின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வந்தது. யோரிஸ் அசையவில்லை. துணியில் மட்டும் சிவப்பாக ஒரு பொட்டு பரவியது.

வெர்ஹூவன் சட்டென்று குனிந்தார். "இது என்ன ரத்தம்?"

"என்னோடதுதான் ஐயா. கை நடுங்குது, விரல்ல ஏத்திக்கிட்டேன்." ரத்தம் தோய்ந்த கட்டைவிரலை நீட்டினார் கோவர்ட்.

லெப்டினன்ட்டின் முகம் இளகியது. "அப்பன்காரனைப் போய் இதைச் செய்யச் சொன்னேனே," என்று முணுமுணுத்தபடி தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

கோவர்ட் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். இடுப்பில் கத்தி இருப்பதுகூட மனுஷனுக்கு மறந்துபோச்சே என்று மாலுமிகள் பரிதாபப்பட்டார்கள்.

"பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாங்க," என்றான் ஒருவன்.

ஜெபம் முடிந்தது. பலகை சாய்ந்தது. மூட்டை நீரில் விழுந்து மறைந்தது. கோவர்ட் வாய்விட்டு அழுதார். யாரும் அவரைத் தேற்றப் போகவில்லை; அழட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பாய்ச் சுருள்களுக்குப் பின்னால் தனியே போய் உட்கார்ந்து, கைக்குட்டையால் விரலைத் துடைத்தார் அவர்.

விரலில் காயமே இல்லை. இடுப்பு உறையில் கத்தியும் இல்லை.