ரீடிங் நார்மல்

"த்ராட்டில் சென்சார் ரீடிங் எல்லாம் நார்மல் சார். தாராளமா வண்டியை எடுத்துட்டுப் போகலாம்" என்றாள் மெக்கானிக். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் காரை எடுக்க வந்திருந்த இன்ஷூரன்ஸ் சர்வேயருக்கு அவளை அடையாளம் தெரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோர்ட் வராந்தாவில் அவர் சட்டைக் காலரைப் பிடிக்கப் பாய்ந்தவள். "உன்னைச் சும்மா விடமாட்டேன்டா!" என்று தொண்டை கிழியக் கத்தியவளை நாலு பேர் சேர்ந்து இழுத்துப் போனார்கள்.

அவளுடைய தம்பி ஓட்டிய வாடகைக் கார் பஸ் ஸ்டாப்புக்குள் புகுந்து ஒரு உயிரைக் குடித்திருந்தது. வண்டி தானாகப் பாய்ந்தது என்று அவன் அழுதான். காரைச் சோதித்த இன்ஷூரன்ஸ் சர்வேயர் இவர். 'கோளாறு இல்லை, டிரைவர் மிதித்ததுதான் காரணம்' என்று இவர் எழுதிய ரிப்போர்ட்டில் அவன் ஏழு வருஷத்துக்கு உள்ளே போனான். அப்புறம் எத்தனையோ கார், எத்தனையோ ரிப்போர்ட். அவர் அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்வதில்லை.

இன்று காலை சிக்னலில் நின்றிருந்த அவருடைய சொந்தக் கார் திடீரென்று உறுமிக்கொண்டு முன்னால் தாவியது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்து மயிரிழையில் தப்பினார். தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்து, பக்கத்தில் இருக்கும் பட்டறைக்கு இழுவை வண்டியில் காரை அனுப்பிவிட்டு, மதியம்தான் வந்தார். அது இவளுடைய பட்டறை என்று யார் கண்டது?

"நல்லா பாத்தியாம்மா?"

"ரெண்டு தடவை பாத்தேன் சார். பயப்படாம ஓட்டுங்க." சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"ரீடிங்கைக் காட்டு."

"எதுக்கு சார்? நான்தான் சொல்றேனே."

"காட்டுன்னா காட்டு!"

சுவரோரம் கிடந்த பெஞ்சில் மடியில் ஃபைலோடு காத்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மெக்கானிக் ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த தாளின் மேல் ஓரத்தைக் கிளிப் கவ்வியிருந்தது.

முதல் நாலு வரியைப் படிப்பதற்குள் சர்வேயரின் முகம் சிவந்துவிட்டது.

"இதுவா நார்மல்? ஆக்ஸிலரேட்டர்லேருந்து காலை எடுத்துட்டா அரை வோல்ட்டுல நிக்கணும். இங்க அரையிலேருந்து ஒரே தாவலா மூணுக்கு எகிறியிருக்கு!"

"லேசா ஏறி இறங்குது, அவ்வளவுதான். டிரைவர் மிதிச்சிருப்பாங்க சார்."

"மிதிக்கவே இல்ல! பக்கத்துலயே பெடல் ரீடிங் இருக்கு பாரு, சைபர்! காலே படாம வண்டி பாஞ்சா டிரைவர் என்ன பண்ணுவான்?"

"அப்போ, தப்பு டிரைவர் மேல இல்லங்கறீங்க?"

"இல்லவே இல்ல! ஓட்டறவன் உத்தமனா இருந்தாலும் இந்த வண்டி ஆளைக் கொன்னுடும்." அட்டையை மேஜைமேல் அறைந்தார். "உன் புத்தி எனக்குப் புரியுது. தம்பி உள்ள இருக்கான்னு என்னைப் பழிவாங்கப் பாக்குற! இதை நார்மல்னு சொல்றவ கொலைகாரி!"

அந்த வார்த்தையைக் கேட்டும் அவள் கோபப்படவில்லை. ஆனால் சிரிப்பு மட்டும் மறைந்துபோயிருந்தது.

"நிச்சயமா சொல்றீங்களா சார்?"

"இருபத்தஞ்சு வருஷமா இதே வேலை! எந்தக் கோர்ட்ல கேட்டாலும் சொல்லுவேன்!"

பெஞ்சில் இருந்தவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"ஒரு வார்த்தை விடாம எழுதிட்டீங்களா, வக்கீல் சார்?" என்று அவரிடம் கேட்டுவிட்டு, அவள் சர்வேயரின் பக்கம் நிதானமாகத் திரும்பினாள்.

"உங்க வண்டி ரீடிங்கை நான் இன்னும் எடுக்கவே இல்ல சார், இது நீங்க நார்மல்னு எழுதிக்கொடுத்த என் தம்பி வண்டியோடது."