சித்தாள் சட்டை

வந்து நின்றதுமே தெரிந்துவிட்டது. தப்பான உடுப்பு.

அவள் மடிப்பு எடுத்து, ஊக்குக் குத்திச் சேலை கட்டியிருந்தாள். காதில் தொங்கட்டான். பார்த்தவுடன் பெண் என்று நம்ப வேண்டுமே.

இங்கே சித்தாள் பெண்கள் எல்லோரும் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருந்தார்கள். புருசன் போட்டுக் கிழித்தது. அண்ணன் கழித்தது. ஒருத்தியுடையதில் காலரே இல்லை.

மேஸ்திரி வாசலிலேயே சொல்லியிருந்தார்.

"பொம்பளைங்க சேத்துக்கிட்டா சட்டி தூக்கு. இல்லேன்னா அந்தப் பக்கம் ஆம்பளைங்களோட கலவை போடு."

அந்தப் பக்கம் போவதென்றால் மகனாகவே வீட்டில் கிடந்திருக்கலாம்.

பெண்கள் பார்த்தார்கள். சண்டைப் பார்வை இல்லை. புதிதாக வாங்கி வந்த ஆட்டைச் சுற்றி நின்று பார்ப்பார்களே, அப்படி.

முத்தாயி என்று மற்றவர்கள் கூப்பிட்டவள் தன் கூடைக்குள்ளிருந்து ஒரு கட்டம் போட்ட சட்டையை உருவினாள்.

"கல்யாணத்துக்காடி வந்த? கலவைத் தண்ணி ஒழுகுனா தோலு அரிச்சிரும். எம் புருசன் சட்டைதான், போடு. நாறும். பொறுத்துக்க."

யாரோ சிரித்தார்கள்.

அவள் கை நீளவில்லை.

கடைசியாகப் போட்ட சட்டையை அவளே கொளுத்தினாள். போன ஆடியில், ஊர்க் கிணற்றடியில். சாகத்தான் போனாள். அந்தச் சட்டையோடு பிணமாகக் கிடக்கக் கூடாது என்று தோன்றியது. கழற்றிக் கொளுத்தினாள். அது எரிந்து முடிவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்ததில் விடிந்துவிட்டது.

எழுந்து நடந்தாள்.

சட்டையில் பொத்தான் போட்டால் மூச்சு அடைக்கும். விவரம் தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான்.

வாங்கினாள்.

ஒரு கையை நுழைத்தாள். மறு கையையும்.

மேல் பொத்தானைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

அடைக்கவில்லை.

கழற்றினாள். மறுபடியும் போட்டுப் பார்த்தாள்.

என்ன இது?

பைக்குள் விரல் விட்டாள். ஒரு ஊக்கு. பாதி தீர்ந்த பொட்டு அட்டை. காய்ந்த வெற்றிலைக் காம்பு. அந்தப் புருசன் இதைப் போட்டு எத்தனை காலம் ஆயிற்றோ.

தொங்கட்டான் இரண்டையும் கழற்றி அதே பையில் போட்டாள்.

துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் போய் நின்றாள்.

முன்னால் நின்றவள், பின்னால் யாரென்று பார்க்காமலே சட்டியை நீட்டினாள்.