நீங்க என்றால் பஸ்

ஐந்தாவது பையனும் "நீங்க" வாங்கிக்கொண்டு வெளியே போனான்.

நடைவழியில் மற்ற பையன்கள் சுவரோடு ஒட்டி நிற்கிறார்கள். உள்ளே பேசுவது அவர்களுக்கு முழுதாகக் கேட்காது. அந்த ஒரு சொல் கேட்டால் போதும்.

எங்கள் ஐஸ் ஹாக்கி முகாமின் தலைமைப் பயிற்சியாளர் விக்தர் ஸாவிச், பனித்தரையில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டேய் மரக்கட்ட, ஒங்கம்மா சூப்பு ஊத்தி வளத்தாளா, வெந்நி ஊத்தி வளத்தாளா?" என்பார். திட்டு வாங்குகிறவன் அணியில் இருக்கிறான் என்று பொருள்.

கழற்றி விடுகிறவனை மட்டும் நாற்காலியில் உட்கார வைப்பார். செர்கேயின் மகன் என்றால் செர்கேயவிச் என்று, பேரோடு அப்பா பேரையும் சேர்த்து, பெரிய மனிதரைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுவார். "ஆந்த்ரேய் செர்கேயவிச், நீங்க நல்லா ஆடினீங்க." அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கு ரயிலடிக்கு பஸ்.

பையன்கள் இதை வைத்தே ஒருத்தனை ஒருத்தன் பயமுறுத்துவார்கள். சாப்பாட்டுக்கூடத்தில், கஞ்சி போதுமா ஆந்த்ரேய் செர்கேயவிச் என்று ஒருத்தன் கேட்டதற்குத் தட்டு பறந்திருக்கிறது.

காலையில் ஒருத்தன் உள்ளே நுழைந்ததும், என்னடா முழிக்கிற கழுத என்று விக்தர் சீறினார். பையன் அழுதுவிட்டான். சந்தோஷத்தில்.

வந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். உலக இளையோர் போட்டிக்குப் போக இருபத்திமூன்று பேருக்குத்தான் இடம். தடுப்பாட்டக்காரர்களில் கடைசி இடம் ஒன்று பாக்கி. அது லாப்தெவுக்கா, ஸோட்டவுக்கா?

நேற்று நாங்கள் மூன்று பயிற்சியாளர்களும் தனித்தனிச் சீட்டில் எழுதினோம். நானும் கோல்காப்பாளர்களின் பயிற்சியாளரும் லாப்தெவ் என்று எழுதியிருந்தோம். விக்தர் ஸோட்டவ் என்று எழுதியிருந்தார்.

நான் பதினாறு வயதில் உரால் மலைப் பக்கம் ஓர் உருக்காலையில் கசடு அள்ளியவன். வேலைக்கு அஞ்சாத உடம்பு எது என்று நடையிலேயே எனக்குத் தெரியும். லாப்தெவ், அடித்து வரும் ரப்பர் வட்டின் குறுக்கே விழுகிறவன். பயிற்சி ஆட்டத்தில் கணுக்காலில் வாங்கினான். பூட்ஸைக் கழற்றினால் வீக்கத்தில் திரும்ப மாட்ட முடியாது என்று, கழற்றாமலே கடைசிவரை ஆடினான். ஸோட்டவும் நல்ல பையன்தான். ஆனால் குறுக்கே விழ மாட்டான்.

விக்தர் லாப்தெவை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு திட்டினார். அதனால் அவன் இடம் உறுதி என்றே முகாம் முழுக்க நினைத்தது. நானும் நினைத்தேன்.

லாப்தெவிடம் என்ன குறை என்று விக்தரைக் கேட்டேன். குறை ஒன்றும் இல்லை என்றார். பிறகு என்ன?

"வேண்டாம், கூஸ்மிச்," என்று என் பேரைச் சொல்லி முடித்துவிட்டார்.

பட்டியலில் கையெழுத்து அவருடையது. நான் இந்தப் பருவத்தில்தான் அவரோடு வேலைக்குச் சேர்ந்தவன். அதற்கு மேல் அழுத்த முடியவில்லை. மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

இப்போது கிளிம் லாப்தெவ் உள்ளே வந்தான். கால் இன்னும் இழுத்தது. தெரியாதமாதிரி நடந்தான்.

விக்தர் நாற்காலியைக் காட்டினார். அதிலேயே அவனுக்குப் புரிந்திருக்கும். உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

"கிளிம்…" என்றார் விக்தர். அதோடு நின்றுவிட்டார்.

காலையிலிருந்து ஐந்து பேரை அப்பா பேரோடு கூப்பிட்டவருக்கு இது மட்டும் நாக்கில் வரவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பதிவுத்தாள் என் முன்னால்தான் இருந்தது. குனிந்து பார்த்தேன். தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற அப்பா பேர்தான்.

"விக்தரவிச்," என்று எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"கிளிம் விக்தரவிச்," என்றார் அவர், மேசையைப் பார்த்து. "நீங்க நல்லா ஆடினீங்க."

லாப்தெவ் எழுந்தான். மற்றவர்களைப்போலவே கை கொடுத்தான். இரண்டு வாரமாக அவரிடம் சரிங்க, ஆகட்டுங்க என்பதைத் தவிர வேறு பேசாதவன். கதவுப்பிடியில் கை வைத்தபடி திரும்பினான்.

"அம்மாகிட்ட நீயே போன் பண்ணிச் சொல்லு. நான் மாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. கதவையும் மெதுவாகத்தான் சாத்தினான்.

நான் பதிவுத்தாளைத் திரும்பப் பார்த்தேன். லாப்தெவ் என்பது அம்மாவின் குடும்பப் பேர். அதற்குப் பக்கத்திலேயே, நான் சத்தமாகப் படித்த பேர்.

வேறு யாருக்காவது பிறந்திருந்தால் அவனுக்கு நேற்றே இடம் கிடைத்திருக்கும்.

வெளியே பஸ் ஓட்டுநர் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. விக்தர் தண்ணீர் குடித்தார். அடுத்தவனைக் கூப்பிடச் சொன்னார்.

ஸோட்டவ் வந்து நின்றான். திட்டு விழுமா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விக்தர் அவனைப் பார்க்கவில்லை. நாற்காலியைக் கையால் காட்டினார்.

"உக்காருங்க."

ஸோட்டவின் முகம் வெளுத்துப்போனது. அப்படியே உட்கார்ந்தான்.

இடம் உனக்குத்தான்டா என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். பதிவுத்தாளைக் கவிழ்த்து வைத்தேன்.