ஜன்னலோரம், பதினொண்ணு ஏ

சுவேதா. அந்தப் பேரை மறந்துடக் கூடாதுன்னு போன்ல குறிச்சு வச்சுக்கிட்டுத்தான் ஏர்போர்ட்லேருந்து நான் வண்டிய எடுத்தேன். கம்ப்ளெயின்ட் எழுதாம விடுறதில்லைன்னு ஒரு முடிவு.

எங்க அக்கா வூட்டுக்காரர் ஹிதாயத்துல்லா சவுதியில லாரி ஓட்டுறாரு. லீவுல வந்தவரு திரும்பிப் போற விசாவுக்கு அன்னிக்கோட கெடு முடியுது. அன்னிக்குள்ள அங்க போய் எறங்கலைன்னா பதினாலு வருஷ வேலை போச்சு. புதுச்சேரியிலேருந்து ஹைதராபாத்துக்கு சின்ன பிளைட்டு, அங்கேருந்து பெரிய பிளைட்டு. ரெண்டுக்கும் ஒரே டிக்கெட்டு, ஏன்னா சின்னது அந்தப் பெரிய கம்பெனியோட பிள்ளை மாதிரி. பிள்ளை சரியா சம்பாதிக்கல போலிருக்கு, புதுச்சேரிக்கு வர்றதையே நிறுத்துறாங்க. நாங்க போனது கடைசி பிளைட்டு.

சிதம்பரத்துலேருந்து நான்தான் கார்ல கூட்டிட்டுப் போனேன். கடலூர்ல ஒரு டீ குடிப்போம் மச்சான்னு நிறுத்தி அரை மணி நேரம் ஆக்குனவனும் நான்தான். அதனால கவுண்டருக்குக் கடைசியா போன ஆளு எங்க மச்சான்.

போனைக் கட் பண்ணாம பாக்கெட்ல போட்டுக்கிட்டு உள்ள போனாரு. நான் வெளிய நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். வெயில் ஜாஸ்தியா இருந்தா சின்ன பிளைட்டால அவ்வளவு வெயிட்டைத் தூக்க முடியாதாம். மூட்டையெல்லாம் கொறச்சும் பத்தலையாம். ஒரு ஆள் எறங்கணும்னு கவுண்டர்ல இருந்த பொண்ணு சொல்லிக்கிட்டிருந்தா.

யாராவது விட்டுக் குடுக்கிறீங்களான்னு எல்லாரையும் கேட்டா. கப்சிப். அப்புறம், கடைசியா வந்தவங்கதான் நிக்கணும், அதான் ரூல்னா.

"சுவேதா மேடம், பேரைப் பாத்துக் கூப்புடுறேன், தப்பா நெனைக்காதீங்க. நாலு புள்ளைங்களோட சோறும்மா இது" அப்படின்னு மச்சான் விசா பேப்பரை நீட்டியிருக்காரு. அவரு குரல் நடுங்கி நான் கேட்டதே இல்ல. அந்தப் பாழாப்போன டீய நெனச்சு என்னையே திட்டிக்கிட்டேன்.

பத்து நிமிஷம் கழிச்சு அவரே போனை எடுத்து, "மச்சான், சீட்டு குடுத்துட்டாங்க, அல்ஹம்துலில்லாஹ்"னாரு.

அப்பத்தான் ஒரு அம்மா வெளிய வந்தாங்க. புதுப் பட்டுப்பொடவ, புதுச் செருப்பு. செருப்புல வெல ஒட்டுன ஸ்டிக்கரைக்கூட பிரிக்கல. கையில ஒரு மஞ்சப்பை. எறக்கிவிட்டது இவுங்களைத்தான்னு பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு.

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்க போகணும்னு கேட்டேன். பேரு செல்லாயி, ஊரு காடாம்புலியூர்னாங்க. கடலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில ஏத்திக்கிட்டேன்.

போற வழியெல்லாம் அந்தச் சுவேதாவை நான் திட்டாத திட்டு இல்ல. எழுபது பேரு இருக்காங்க, கோட்டு போட்டவனை எறக்க வேண்டியதுதானே. வாயில்லாத ஆளாப் பாத்து தலையில மொளகா அரைச்சிருக்கா. மனசாட்சி இருக்குற பொம்பளையா அவன்னு கேட்டேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, நான் எழுதிப் போட்டு அவ வேலையவே காலி பண்றேன்னேன்.

"அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாத தம்பி. அது என்ன பண்ணும்" அப்படின்னு மட்டும் சொன்னாங்க.

ஹைதராபாத்துல யாரு இருக்காங்கன்னு கேட்டேன். யாருமில்லையாம். பிளைட்டுல ஒரு தடவை ஏறிப் பாக்கணும், அவ்வளவுதானாம். போயிட்டு மறுநாள் ரயில்ல திரும்புறதாம். முந்திரிக்கொட்டை ஒடச்சு ஒடச்சு தோலுரிஞ்சு போன கைய மடியில வச்சுக்கிட்டு, ஆறு வருஷமா பொண்ணு சொல்லிக்கிட்டே இருந்துச்சு, இன்னிக்குத்தான் வாய்ச்சுதுன்னாங்க.

"ஜன்னலோர சீட்டு தம்பி. பதினொண்ணு ஏ. மூணு நாளா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன்."

அந்த ஜன்னல்லதான் எங்க மச்சான் உக்காந்திருக்காரு. எங்க வூட்டு அடுப்பு எரியுறதுக்கு இந்தம்மாவோட ஆசைய அணைச்சுட்டோம்னு இருந்துச்சு.

ரெட்டிச்சாவடி தாண்டுறப்ப மேல சத்தம் கேட்டுச்சு. அந்தம்மா தலைய வெளிய நீட்டிப் பாத்தாங்க.

"நம்ம பிளைட்டா தம்பி?"

ஆமான்னேன். மறையுற வரைக்கும் பாத்துட்டு, நல்லபடியா போய்ச் சேரட்டும்னு கும்புட்டாங்க. எங்க மச்சானுக்கும் சேத்துத்தான் அந்தக் கும்புடு. எம் மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல.

கடலூர் பஸ் ஸ்டாண்டு கிட்ட வண்டிய நிறுத்துனேன். அந்தம்மா எறங்கப் போறப்ப மஞ்சப்பைக்குள்ள போன் அடிச்சுச்சு. தேச்சுத் தேச்சுப் பாத்தாங்க, எடுக்கத் தெரியல. எடுத்து சத்தமா வையி தம்பி, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்னு எங்கிட்ட நீட்டுனாங்க.

வாங்கிப் பாத்தேன். ஸ்கிரீன்ல 'சுவேதா'ன்னு இருந்துச்சு.

ஸ்பீக்கரைப் போட்டேன். கவுண்டர்ல கேட்ட அதே குரல். இப்ப அழுதுக்கிட்டிருந்துச்சு.

"அம்மா, பிளைட்டு போயிடுச்சும்மா. நாளையிலேருந்து எனக்கும் வேலை இல்ல. இனிமே உன்னை எப்ப ஏத்தப் போறேன்னு தெரியல. எம்மேல கோவமாம்மா?"

"எதுக்குடி கோவம்? நீ சாப்ட்டியா?"

அந்தப் பொண்ணு சொல்லுச்சு:

"எழுபது பேருல, எறங்குன்னு உன்கிட்ட மட்டும்தாம்மா என்னால சொல்ல முடிஞ்சுது."