ஒத்து வராத எண்

“நாலால வகுத்தா மீதி ஒண்ணு வரோணும். ஆறால வகுத்தா மீதி ரெண்டு வரோணும். அது எந்த நம்பருங்க?” என்று கேட்டாள் கிருத்திகா.

பெண் பார்க்க வந்திருந்த கோபிநாத், வாய்க்குக் கொண்டுபோன முறுக்கைப் பாதி வழியில் நிறுத்தினான்.

இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் அப்போதுதான் அவர்களை உள்ளறைக்கு அனுப்பியிருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. கூடத்தில் இருந்த எல்லோருடைய காதும் உள்ளேதான் இருந்தது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து நல்லேப்பிள்ளி வரும்வரை, என்ன பேசுவது என்று காரில் யோசித்துக்கொண்டே வந்தவன் அவன். சமையல், சினிமா, ஊட்டி என்று வரிசையாக வைத்திருந்தான். வகுத்தல் அதில் இல்லை.

“சனிக்கிழமை கவர்மெண்ட் வேலைக்கு பி.எஸ்.சி. பரீட்சைங்க. இதுதான் கடைசின்னு அப்பா சொல்லிட்டாரு. லிஸ்ட்டுல வரலீன்னா கல்யாணந்தானுங்க.”

தோற்றால் கிடைக்கப்போகும் தண்டனை தான்தான் என்பது கோபிநாத்துக்கு மெல்லப் புரிந்தது.

அவள் போனை அவன் பக்கம் தள்ளினாள். மாதிரி வினாத்தாள். கேள்விக்குக் கீழே நான்கு விடைகள்: 13, 26, 37, 50.

“பதிமூணும் முப்பத்தேழும் நாலுக்குச் சரியா வருது, ஆறுக்கு வரமாட்டீங்குது. இருபத்தாறும் அம்பதும் ஆறுக்கு வருது, நாலுக்கு வரமாட்டீங்குது. காலையில இருந்து மண்டைய ஒடச்சுக்கறேனுங்க.”

கோபிநாத் திரையைப் பார்த்தான். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தும் அவன் நெற்றியில் வேர்த்தது.

“ஒத்து வராதுங்க,” என்றான்.

கூடத்தில் அவன் அம்மா செல்லாத்தாள், எடுத்த ஜிலேபியைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

“ஏனுங்க?”

“நாலால வகுத்து மீதி ஒண்ணுன்னா ஒத்தைப்படை. ஆறால வகுத்து மீதி ரெண்டுன்னா ரெட்டைப்படை. ரெண்டும் சேராதுங்க.”

“சேரவே சேராதுங்களா?”

“எந்தக் காலத்துலயும் சேராதுங்க.”

கூடத்தில் கிருத்திகாவின் அப்பா ரத்தினசாமி எழுந்து நின்றார்.

“அப்ப இந்தக் கேள்வியப் போட்டவன் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கறானா?” கிருத்திகாவின் குரல் உயர்ந்தது. “இதை நம்பி எத்தனை பேரு படிக்கறோம்! அரை நாள் போச்சுங்க எனக்கு.”

“திட்டாதீங்க. பாவம், அவசரத்துல...”

“என்ன பாவம்? ஆறாங்கிளாசுப் பையன் போடுவானுங்களா இப்படி?”

“அது நாலு இல்லீங்க, அஞ்சு,” என்றான் கோபிநாத், தாங்க முடியாமல். “டைப் பண்ணறப்ப மாறிப்போச்சு. அஞ்சால வகுத்துப் பாருங்க, இருபத்தாறு கச்சிதமா வரும்.”

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

கிருத்திகா ஆச்சரியப்படவில்லை. போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு, முதல்முறையாக அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

அந்த மாதிரி வினாத்தாள், பி.எஸ்.சி. எழுதுகிறவர்களுக்காக கோபிநாத் நடத்தும் இணைய வகுப்பில் அவனே போட்டது. வகுப்பில் அவன் முகம் வராது. வெள்ளைப் பலகை, எழுதும் ஒரு கை, ஒரு குரல், அவ்வளவுதான். தானே இன்னும் எந்த லிஸ்ட்டிலும் வராதவன் என்ற கூச்சம் அவனுக்கு. உரக்கடையில் கணக்குப் பார்க்கும் மாப்பிள்ளை என்றுதான் தரகர் சொல்லியிருந்தார்.

“தினமும் சாயங்காலம் இந்தக் குரலைத்தானுங்க காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கறேன்,” என்றாள் அவள் தாழ்ந்த குரலில். “வாசல்ல நீங்க ‘வணக்கமுங்க’ன்னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு.”

கோபிநாத் தலையைக் குனிந்தான். உப்புப் பேச்சு முழுவதும் தெரிந்தே பேசியது என்று அப்போதுதான் விளங்கியது.

ரத்தினசாமி கதவருகில் வந்து நின்றார். முகம் இறுகியிருந்தது.

“என்னம்மா, ஒத்து வராதுங்கறாரா?”

“ஒரு எடத்துல தப்பு இருந்துச்சுங்கப்பா. திருத்திட்டாரு. இப்ப வருது.”

ஒன்றும் விளங்காமல், ஆனால் நிம்மதியாக, அவர் திரும்பிப் போனார்.

கோபிநாத் நிமிர்ந்தான். “அப்ப... என்னைப் பிடிச்சிருக்குதுங்களா?”

கிருத்திகா அவன் காபி குடித்த காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“சனிக்கிழமை வரைக்கும் நீங்க எனக்கு சாருங்க. அதுக்கப்புறம் கேளுங்க.”