கழற்றாத சங்கிலி

முரசுமோட்டை பொதுநோக்கு மண்டபத்தில் இசை நாடகம் முடிந்து திரை விழுந்தும் கைதட்டல் ஓயவில்லை. போர்த்துக்கேயக் கப்பல் கப்பித்தானைக் காதலித்த அடிமைப்பெண், அவன் தன்னை விட்டுக் கப்பலேறியதும் நஞ்சு குடித்துச் செத்திருந்தாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விமர்சகர் அருள்நேசன் கண்ணைத் துடைத்தபடி மேடைக்குப் பின்னால் ஓடினார்.

"தயாபரன், என்ன நாடகமப்பா! நடுவிலயே கப்பித்தான் அவளுக்கு விடுதலை குடுத்திட்டான். ஆனா நீர் கால் சங்கிலியைக் கடைசிவரைக்கும் கழட்டேல்லை. காதலும் அடிமைத்தனம்தான் எண்டு சொல்லாமல் சொல்லிப்போட்டீர்!"

"அது என்ர யோசனை இல்லை, சேர்," என்றார் இயக்குநர் தயாபரன். "சுகிர்தாதான் கழட்ட மாட்டன் எண்டு ஒற்றைக்காலில நிண்டவா. அவாவையே கேளுங்கோ."

அடிமைப்பெண்ணாகப் பாடிய சுகிர்தா, கதிரையில் அமர்ந்து கால் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ளை, மேடையில கழட்டேல்லை?"

அவள் சிரித்தாள். சங்கிலியைக் கீழே போட்டாள். பிறகு பாவாடையைச் சற்று உயர்த்தி, பொய்க்காலையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"சண்டைக்குள்ள ஷெல் விழுந்து போன கால், சேர். இது மடக்கேக்க டக்கெண்டு சத்தம் போடும். சங்கிலி கிலுங்கினால் அது கேக்காது."

"கேட்டால் என்ன பிள்ளை?"

"கேட்டால் சனம் எனக்காக அழும், சேர். அந்த அடிமைப்பெண்ணுக்காக எல்லோ அழவேணும்?"